அடியில் கிடந்த உப்பு

அருணாதேவி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கருவியின் முனையைத் துடைத்தாள். கண்ணாடி இழை ஓடும் அந்தக் கம்பியை உப்பில் ஊன்றினால், என்னென்ன கலந்திருக்கிறது என்பதைத் திரை கோடுகளாகக் காட்டும். ஆமத்தூர்ச் சோதனைக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதே வேலை.

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வெடியுப்பில், தடைசெய்த பேரியம் இருப்பதாகத் திரை காட்டியிருந்தது. முந்தைய உப்பின் மிச்சமாக இருக்கும் என்றுதான் துடைத்தாள். மறுபடி ஊன்றினாள். அதே கோடு. அவளுக்குப் பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பசிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவள் தங்கை வெள்ளைத்தாய்க்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. இருவரும் அக்கா தங்கை என்று தெரிந்தேதான் முதலாளி உப்புப் பீப்பாயோடு அவளை அனுப்பியிருந்தார்.

“என்னக்கா, பச்சப்பிள்ளைக்கு மூக்குத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கிட்டே இருக்க?”

“பேரியம் வருது.”

“பீப்பாயில நீட்டுக் குழாய விட்டு அடியில கிடக்கிறத எடுத்தா வரத்தான் செய்யும். மத்தவுக மேலாப்புல ஒரு கரண்டி அள்ளிட்டு விட்ருவாகல்ல? கம்பெனியப் பூட்டிட்டா நான் எங்கன போவேன்? மேலாப்புல எடுத்துப் பாக்கியா, மாட்டியா?”

பேரியம் உண்டு என்று அருணாதேவி கம்ப்யூட்டரில் அடித்தாள். திரையைப் பார்த்த வெள்ளைத்தாய், தான் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.