அணைந்த திரி

நகரியில் நெசவாளர் வீடுகளுக்குத் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள் சென்னம்மா. கை ராட்டையைச் சுற்றும். வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் புருஷன் கருப்பன், கெங்கம்மன் ஜாத்திரையில் இரும்புக் குழாய்களில் வெடிமருந்து கெட்டித்து அதிர்வேட்டுத் தயார் செய்கிறவன்.

வேண்டிக்கொண்டவர்தான் திரியைப் பற்றவைப்பார். அது பாதியில் அணைந்தால் அம்மன் முகம் சுளிக்கிறாளாம். உடனே ஊதி எழுப்ப வேண்டுமாம். ஊதுவதற்கு மட்டும் கருப்பன். போன ஜாத்திரையில் அப்படி ஊதப்போய்த்தான் அவனுக்கு ஒரு கண் போனது. வேண்டுதல் ஒருவருக்கு, காயம் இன்னொருவனுக்கு என்று எந்தச் சாமி பங்கு பிரித்தது? சென்னம்மாவுக்கு அது விளங்கவே இல்லை.

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய், நகரி ஆந்திராவிலேயே நின்ற வருஷம் அது. எல்லைத் தகராறில் தன் நூல்கடை தப்பியதற்காகத் தாமோதரன் வேட்டு நேர்ந்திருந்தார். இந்த ஜாத்திரையன்று சாயங்காலம் திரியைப் பற்றவைத்துவிட்டு எட்டப்போய் நின்றார். திரி சீறியது, புகைந்தது, அடங்கிப்போனது.

"டேய் கருப்பா, ஊதுடா! நேரம் போய்க்கினு கீது," என்று அங்கிருந்தே கத்தினார்.

கருப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். மஞ்சள்நீர்க் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னம்மா குறுக்கே வந்தாள்.

"மொதலாளி, உள்ள நெருப்பு செத்துப்போச்சா, தூங்கிக்கினு கீதா?"

"அது எனக்கு இன்னாமே தெரியும்?"

"குனிஞ்சு பாருங்களேன். வேண்டுதலு உங்களுதுதானே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தாமோதரன் இன்னும் ஓரடி பின்வாங்கினார். சென்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட இருந்தே குடத்துத் தண்ணீரைக் குழாய்மேல் வீசினாள். போதவில்லை. பக்கத்தில் நின்றவளின் குடத்தையும் பிடுங்கி வீசினாள்.

"ஐயையோ, அம்மனுக்குக் கொண்டாந்த தண்ணி!" என்று தாமோதரன் பதறினார்.

"வேட்டும் அம்மனுக்குத்தானே கொண்டாந்தீங்க?"

"மானத்த வாங்கிட்டியேமே," என்று கருப்பன் பல்லைக் கடித்தான்.

"போனா போவட்டும். உனுக்குக் கண்ணு ஒண்ணுதான் கீது."

ராத்திரி முழுக்கக் குழாய் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. காலையில் ஈர மருந்தை மரக்குச்சியால் கிளறினான் கருப்பன். திரி வெளியில் மட்டுமல்ல, குழாய்க்கு உள்ளேயும் கருகியிருந்தது. கருகின நுனிக்கும் மருந்துக்கும் நடுவில் நகத்தளவு திரிதான் கருகாமல் மிச்சம். அணைந்ததாக ஊரே நினைத்தபோது நெருப்பு கீழே ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அவன் அந்த நுனியைச் சென்னம்மாவிடம் நீட்டினான்.

"போன வருஷம் என் கண்ண எடுத்தது அம்மன் இல்லியா?"

"ஊதச் சொன்னவங்க எடுத்தது."

கருப்பன் எழுந்து நேராக நூல்கடைக்குப் போனான். வாசலில் நின்று, முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"மொதலாளி, இனிமே திரி அணைஞ்சா நானும் கிட்ட போவமாட்டேன், வேற எவனையும் போவ வுடமாட்டேன். ஊதியே ஆவணும்னா நீங்க வந்து ஊதுங்க."