வாத்தியார் வரையச் சொன்ன நம் நாடு

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் அலுப்புத் தட்டும். யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னாலும் விடமாட்டார்கள், அதற்கு முந்தின ஊர் எது என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு முறைதான் நான் ஒழுங்காகப் பதில் தேடினேன், எட்டு வயதில், கையில் ஒரு பென்சிலோடு.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டிச் சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் பெயர் கொடுத்தால் கப்பலேற்றி அனுப்புவார்கள்; இருக்கிறவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அப்பா பெயர் கொடுத்துவிட்டார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். ரப்பர்ப் பால் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் குந்தும்போதெல்லாம், ஊரில் போய்ச் செத்தாலும் நிம்மதி என்பார் அப்பா.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. வாத்தியார் விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அரைத் தூக்கத்தோடு எங்களிடம் வருவார். அன்று கரும்பலகையில் ஒரு கோபுரம், அதற்குப் பக்கத்தில் வீடு, வாசலில் ஒரு பையன் என்று வரைந்தார். இதுதான் நம் நாடு, வாசலில் நிற்பது நான் என்றார். நாம் யார் என்று தெரியாவிட்டால் படித்துப் பிரயோசனமில்லையாம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, அப்பாவிடம் கேட்டு அவரவர் ஊரை வரைந்து வரச் சொன்னார். கண்ணால் பார்க்காத ஊரை வரையச் சொல்ல வாத்தியார்களுக்குத்தான் துணிச்சல் வரும்.

மத்தியானம் அப்பா வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் விடவில்லை. ஊரில் கோயில் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். நடுவில் கோபுரத்தைப் போட்டு, வாத்தியார் போட்டது போலவே ஒட்டினாற்போல் வீட்டையும் போட்டுக் காட்டினேன். அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வீடு அங்க இல்லம்மா. தள்ளிப் போடு."

ரப்பர் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் துண்டால் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டேன். இன்னும் தள்ளி என்றார். நடுவில் குளம் என்றார், குளத்துக்கு அந்தப் பக்கம் வயல் என்றார், வயலுக்கு அந்தப் பக்கம் சுடுகாடு என்றார். மூன்று தடவை அழித்ததில் தாள் கருத்துவிட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

"இன்னும் தள்ளியாப்பா? தாளு முடிஞ்சிருச்சு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"கோயில் தெருவுல இவள நடக்க விடமாட்டாங்க," என்றார் அப்பா.

"நீங்கதான ஊரு ஊருன்னு சொன்னீங்க," என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை.

சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போய், கொடுத்த பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா சாக்கை அவிழ்த்தாள். வாரத்தில் மூன்று நாள் வேலையோடு நாங்கள் அங்கேயே கிடந்தோம். கப்பலில் போக முடியவில்லையே என்று எனக்கு மட்டும் துக்கமான துக்கம்.

மறுநாள் வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, வீடு ஏன் இப்படி மூலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டார். ஊரை விட்டு வந்து ரொம்ப நாளானதால் அப்பாவுக்கு எது எங்கே என்று மறந்துபோய்விட்டது என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் பரிவோடு என் பென்சிலை வாங்கி, கோபுரத்துக்குப் பக்கத்தில் அழகான ஒரு வீட்டையும் வாசலில் என்னையும் வரைந்து கொடுத்தார்.

ஓடிப்போய் அப்பாவிடம் காட்டி, இப்போது சரியாக இருக்கிறதா என்றேன். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா மறந்த ஊரை வாத்தியார் சரிசெய்து கொடுத்துவிட்டார் என்று பெருமையாக இருந்தது எனக்கு. அப்பா ஓர் அடிகூட மறக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.