எக்ஸ்ரேக்குள் போன இன்சுலின்

என் கணவர் இலங்கையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவருக்குச் சீனி வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசியை நான்தான் போட்டுவிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய அக்கா மகளின் கல்யாணத்துக்கு மெட்ராஸ் கிளம்பினோம். அதற்கு முன்னால் கப்பலில்தான் போய்வந்திருக்கிறோம்; விமானம் அதுதான் முதல் தடவை.

பதுளையில் எங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். "மருந்தைப் பெரிய பெட்டியில போடாதீங்க, கையிலயே வச்சுக்குங்க. ஏர்போர்ட்ல பையைச் சோதிக்கிற எக்ஸ்ரே மெஷினால ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். கணவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"எலும்பு வரைக்கும் பாயுற கதிர், மருந்தைச் சும்மா விடுமா?"

"சோதிச்சே பாத்துருவோங்க. ஒரு போத்தல் மெஷினுக்குள்ள போகட்டும், இன்னொண்ணு என் கையில இருக்கட்டும்."

விமான நிலையத்தில், ஒரு போத்தலோடு மெஷினுக்குள் போன கைப்பையில் கண்ணாடி ஊசியைக் கண்ட அதிகாரி எங்களை நிறுத்தினார். சிங்களத்தில் விளக்கிச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். என் கையிலிருந்த போத்தலை மட்டும் மெஷினில் வைக்காமல் பார்க்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மெட்ராஸில், மெஷினுக்குள் போன போத்தலைத்தான் முதலில் எடுத்தேன். வீட்டில் செய்வதுபோலவே, காலையில் அவருடைய சிறுநீரில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். பச்சையானால் சீனி கொஞ்சம். செங்கல் நிறமானால் அதிகம். முதல் மூன்று நாளும் இளம்பச்சை. நாலாம் நாள் செங்கல் நிறம்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று துள்ளினார்.

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனால் மூன்று நாள் வேலை செய்த மருந்து திடீரென்று எப்படிக் கெட்டுப்போகும்? நேரே அடுப்படிக்குப் போய் அவருடைய அக்காவிடம் கேட்டேன்.

"அண்ணி, நேத்து இவர் என்ன சாப்பிட்டாரு?"

"கல்யாணப் பந்தியில நாலு லட்டு தின்னானே, நீ பாக்கலியா?"

வெளியே வந்தபோது அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். இனிப்பை மட்டும் நிறுத்தினேன். இரண்டு நாளில், அதே போத்தல் மருந்துக்கே பச்சை திரும்பியது. பிறகு மற்றப் போத்தலைத் திறந்தேன். அதற்கும் அதே பச்சைதான்.

ஊர் திரும்பும்போது இரண்டு போத்தலையும் அவரே பைக்குள் வைத்து மெஷினில் தள்ளிவிட்டார். மறுபக்கம் வந்து விழுந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்.