தூங்கிவிட்டுப் போக வந்த தம்பி

எழுபதுகளின் கடைசியில், காலேஜ் லீவில், என் தம்பியும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் மெட்ராஸிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பினார்கள். வேறு வேலை இல்லையா என்று கேட்காத ஆளில்லை. அரியலூர் வந்து சேர்வதற்குள் நாலு பேருக்கும் சீட்டு உரசித் தொடையெல்லாம் புண். ஒரு நாள் ஓய்வு என்று முடிவாகி, மூன்று பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் படுத்துவிட்டார்கள். அக்கா வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று இவன் மட்டும் என் வாசலில் சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்தான்.

வருவதாகக் கார்டு போட்டிருந்தான். கார்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். அவனைத் தனியாகப் பிடித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். வெளியே தங்கமான மனுஷன் என்று பேர். வீட்டுக்குள் குழம்பில் உப்பு கூடினாலும் கை நீட்டுவார். நான் கையைக் குறுக்கே வைத்துத் தடுப்பேன். கண்ணாடி வளையல் நொறுங்கும். என் மாமியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடி அல்ல, வளையல். கட்டுக்கழுத்தி கையில் வளையல் உடைந்துகொண்டே இருந்தால் புருஷன் ஆயுசுக்கு ஆகாதாம். சந்தையில் ரப்பர் வளையல் வாங்கிவந்து இரண்டு கையிலும் மாட்டிவிட்டார். ரப்பர் உடையாது, மகன் ஆயுசு கெட்டி. நல்ல நியாயம்! அடி மட்டும் வழக்கம்போல விழுந்தது.

தம்பி உள்ளே வந்ததும் ஒரு துண்டு மூட்டையை அவிழ்த்தான். வழியில் மீன்சுருட்டியில் எங்கள் வீட்டில் தங்கியபோது அம்மா கொடுத்தனுப்பிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். நான் கை நீட்டுவதற்குள் மாமியார் வாங்கிக்கொண்டார். “இவ கையில கண்ணாடி எங்க தம்பி தங்குது, ஏனம் வெளக்கயிலயே ஒடச்சிப்புடுறா” என்று சிரித்தபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தம்பி என் கையை ஒரு தரம் பார்த்தான். கண்டுகொண்டான் என்று நினைத்தேன். அவனோ கொட்டாவி விட்டுக்கொண்டு, பாய் எங்கே என்று கேட்டான்.

படுத்தான் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் குண்டானை வேண்டுமென்றே கீழே போட்டேன். அவன் புரண்டு படுத்தான். மாமியார்தான் ஓடிவந்து, ஒரு பாத்திரம் பிடிக்கத் துப்பில்லை என்று ஆரம்பித்து என் பிறந்த வீடு வரைக்கும் இழுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு அவன் பக்கம் போனபோதெல்லாம் கூடவே வந்து நின்றார்.

மத்தியானம் வீட்டுக்காரர் மச்சினனுக்கென்று கறி வாங்கி வந்தார். அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து, வீட்டை ஒழுங்காக வைக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “இவன் கெளம்பிப் போவட்டும், அப்பறம் இருக்கு ஒனக்கு” என்றார். அவன் எழுந்ததும் மாப்ளே மாப்ளே என்று ஒரே உபசாரம். அவன் சைக்கிளுக்குக் காற்றுகூட அடித்துக் கொடுத்தார். ராத்திரி இருவரும் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். போச்சு, என் நாள் போச்சு என்று நான் உள்ளே அழுதேன்.

காலையில் தெருவில் கூட்டாளிகளின் பெல் சத்தம் கேட்டது. தம்பி கேரியரில் பையைக் கட்டினான். வழியனுப்ப மூன்று பேரும் வாசலில் நின்றோம். என்ன நினைத்தானோ, கட்டிய கயிற்றை அவிழ்த்துப் பையை ஹேண்டில் பாரில் மாட்டினான். மாமியாரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“மீன்சுருட்டியிலேருந்து அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல கட்டிக் கொண்டாந்தேன். ஒரு வளையல் ஒடயல. இந்த வூட்டுல மட்டும் எப்புடிங்க ஒடயுது?”

வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். தம்பி என் பக்கம் திரும்பி, காலியாக இருந்த கேரியரைத் தட்டினான்.

“ஏறுக்கா.”

வீட்டுக்காரர் படியிறங்கினார். எதிரே அந்த மூன்று பையன்களும் சைக்கிளோடு நின்றார்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் ஏறி உட்கார்ந்தேன்.

கூட்டாளிகள் திருச்சி ரோட்டில் போனார்கள். நாங்கள் அவன் வந்த வழியே திரும்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் எனக்கு அடக்க முடியவில்லை. எருமை மாதிரி ஒரு நாள் பூராவும் தூங்கினாயே என்று அவன் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

“எங்கக்கா தூங்குனேன்” என்றான். “கண்ண மூடிக்கிட்டு, அவங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுல்ல கெடந்தேன்.”

புண்ணோடு மிதிக்கிறானே என்று ஏற்றத்தில் இறங்கி நடக்கப் பார்த்தேன். இறங்க விடவில்லை. வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டும் அழுதது, ஊர் என்ன சொல்லும் என்றும் அழுதது. நான் அரியலூருக்குத் திரும்பிப் போகவில்லை. பச்சை வளையல்கள் அந்த அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

கூட்டாளிகள் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தார்கள். தம்பி இன்றுவரை போனதில்லை. இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பஸ்ஸிலாவது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன்டா என்று வருஷா வருஷம் சொல்கிறேன்.

“அங்க என்னக்கா இருக்கு, தண்ணிதானே” என்கிறான்.