தாடி ஓணானுக்குத் தீனி

கல்யாணமான புதிதில் நாங்கள் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். இரண்டே அறைகள். முன்னறையில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பல்பு வெளிச்சத்தில், ஒரு கல்லின் மேல், அரைக்கண் மூடிப் படுத்திருக்கும் தாடி ஓணான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாதி. கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே முள்முள்ளாக உப்பிக் கறுத்துவிடும். என் கணவரோடு மாதாப்பூரில் வேலை பார்த்த ஒருவர் ஜெர்மனிக்குப் போகும்போது இவரிடம் விட்டுவிட்டுப் போனது அது. நான் கொண்டுவந்த சீர் கிரைண்டர், மாப்பிள்ளை கொண்டுவந்த சீர் ஓணான் என்று என் தங்கை ஃபோனில் கேலி செய்வாள்.

அதற்கு முதலில் நாங்கள் போட்டது மீல்வார்ம் எனும் மஞ்சள் புழு. மீன் தொட்டிகள் விற்கும் கடையிலேயே கிடைத்தது. ஒரு டப்பாவில் ஓட்ஸைக் கொட்டி அதில் விட்டுவைத்தால் தானாக வளரும். நாற்றமில்லை, சத்தமில்லை. ஓணானும் ஆசையாகத் தின்றது. வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

ஒருநாள் அதன் பின்னங்கால்கள் நடுங்குவதைப் பார்த்தேன். கல்லின் மேல் ஏற முயன்று வழுக்கியது. பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அதன் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார். வெறும் புழுவிலேயே வளர்த்தால் எலும்பில் பலம் பிடிக்காது என்றார். கால்சியம் பொடி எழுதிக் கொடுத்தார், யூவி பல்பை மாற்றச் சொன்னார். புழுவை எப்போதாவது பலகாரம் மாதிரி கொடுங்கள், தினசரிச் சாப்பாட்டுக்குச் சுவர்க்கோழியோ, வளர்ப்புக் கரப்பானோ போடுங்கள், அதுவும் ஓணானின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போதே என் கணவர் ஆரம்பித்தார். "கரப்பான்தான் நல்லதாம். டூபியான்னு ஒரு வகை. ஆர்டர் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க. நான் எங்க அம்மா வீட்டுக்கு டிக்கெட் போட்டுக்கறேன்" என்றேன்.

ஆகவே சுவர்க்கோழி வந்தது. துளை போட்ட பெட்டியில், அட்டைகளுக்கு நடுவே துள்ளிக்கொண்டு. துள்ளுகிற இரையைக் கண்டதும் ஓணான் தலையைச் சாய்த்து, சட்டென்று ஓடி, நாக்கை நீட்டிப் பிடித்தது. அந்தக் காலோடும் அது அவ்வளவு வேகமாக ஓடும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நாலைந்து தப்பிவிடும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கதவிடுக்கில், பாத்ரூம் வாளிக்கு அடியில் உட்கார்ந்து கத்தும். கீழ்வீட்டுக்காரர்கள் உங்கள் மோட்டாரில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை, என் கணவரின் அம்மா, முழங்கால் ஆபரேஷன் முடிந்து எங்களோடு தங்க வந்தார். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ரிடையரானவர். மௌலா அலியில் தனியாக இருந்தார். அவர் பேசுகிற தமிழில் பாதி செகந்திராபாத் உருது இருக்கும். எனக்கு அவரிடம் அப்போது கொஞ்சம் பயம்தான். சுத்த சைவம். கட்டிலைத் தொட்டிக்கு எதிரேதான் போட முடிந்தது. அவர் ஓணானைப் பார்த்தார், ஓணான் அவரைப் பார்த்தது.

ஒரு வாரம் பொறுத்திருப்பார். உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக, கட்டிலுக்கடியில் இருந்த பையிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து உதறினார். முந்தானையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. மடிப்புக்குள்ளிருந்து ஒரு சுவர்க்கோழி குதித்து ஓடியது. அவர் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, இவனுக்கு வேற எதுவுமே ஆகாதா?"

"ஆகும்மா. ஒரு கரப்பான் இருக்கு. வழுக்குற டப்பால ஏறாது. பறக்காது. சத்தமும் போடாது."

"அப்ப காய்கு, எதுக்கு இந்தக் கத்துற சனியனக் கொண்டாந்து வச்சிருக்க? நம்ம கிச்சன்ல ஓடுறதையே புடிச்சுப் போடு."

"அது மருந்து தின்னிருக்கும்மா. அதைத் தின்னா இவன் செத்துடுவான். இது வேற, தனியா வளக்கறது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவளுக்குப் பயம், அதான்" என்று என்னைக் காட்டினார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்கும்தான் பயம். ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல கரப்பானப் பாத்துட்டு ஸ்டூல் மேல ஏறி நின்னவ நான்" என்றார். "நீ கண்ண மூடிக்கோ. நான் ஒரு கண்ணால பாத்துக்கறேன். வரட்டும்."

வந்தன. பழுப்பாக, தட்டையாக, இருட்டைத் தேடி ஓடுகிறவை. ஒளிந்துகொள்ள அட்டை வேண்டுமென்று என் கணவர் கடையிலிருந்து முட்டை டிரே கொண்டுவந்தபோது, எங்கள் வீட்டுக்கு அது முதல் முட்டை டிரே என்பதால் நான் அத்தையைப் பார்த்தேன். "முட்டை இல்லல்ல? அட்டைதானே. வை" என்றார்.

முதல் சில நாட்கள் இடுக்கியால் பிடித்து, கழுத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு போட்டார். அப்புறம் திருப்பிக்கொள்வது நின்றது. நான் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மாதாப்பூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து சேரும்போது, அவர் காலை ஸ்டூலில் நீட்டியபடி கரப்பானுக்குக் கேரட் சீவிக்கொண்டிருப்பார். கரப்பான் தின்பதுதான் ஓணானுக்குப் போய்ச் சேரும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதனால் கரப்பானுக்கும் புதுக் கேரட், பூசணித் துண்டு, ஆரஞ்சுச் சுளை. ஓணானைத் 'தொரை' என்று கூப்பிடுவார்.

"தொரைக்கு இன்னிக்கு மூடு இல்ல. ரெண்டு போட்டேன், மூணாவது நக்கோ, வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டான்."

வெள்ளிக்கிழமை மட்டும் தொரைக்குச் சைவம். கீரை, பூசணி, கீழ்வீட்டுச் செம்பருத்திப் பூ. பட்டினி போடுகிறோமோ என்று பயந்து டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். வளர்ந்த ஓணானுக்கு இலைதழைதான் அதிகம் வேண்டும், தாராளமாகச் செய்யுங்கள் என்றார். வந்து சொன்னதும் அத்தைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. மௌலா அலிக்கு ஃபோன் போட்டு அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொன்னார்.

கால் நடுக்கம் மெல்லக் குறைந்தது. ஒருநாள் ஓணான் கல் மேல் ஏறி, நான்கு கால்களையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நின்றது. அத்தையும் அப்போதுதான் கைத்தடியை விட்டிருந்தார். "ஹவ் ரே, ஆமாண்டா, நீயும் பாஸு, நானும் பாஸு" என்று கண்ணாடியைத் தட்டினார்.

மழைக்காலம் முடிந்து அவர் மௌலா அலிக்கு ஊபரில் ஏறிப் போன அன்று மாலை, கரப்பான் டப்பாவைத் திறந்து நானே ஒரு கரப்பானை விரலால் எடுத்தேன். காகிதம் மாதிரி எடையில்லாமல் இருந்தது. ஓணான் என் விரலை நக்கியபடி அதை வாங்கிக்கொண்டது. உடனே அத்தைக்கு ஃபோன் செய்தேன். அதன்பின் தினமும் பேசினோம். பேச்சு தொரையில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். என் சொந்த அம்மாவிடம் சொல்லாத சிலதையும் அவரிடம்தான் சொன்னேன்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. முதலில் அத்தை போனார். ஓணான் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்து, வயதாகி, ஒரு குளிர்கால மதியம் பல்புக்குக் கீழேயே அடங்கியது. நாங்கள் வேறு பெரிய வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே முன்னறை விசாலமாக, சுத்தமாக இருக்கிறது. சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் 'இன்னிக்கு என்ன தின்னான்' என்று கேட்க வாய் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

மிஞ்சிய கரப்பான் டப்பாவை, புதிதாக ஓணான் வாங்கியிருந்த ஒரு தெலுங்குப் பெண் வந்து வாங்கிக்கொண்டாள். மூக்கைச் சுளித்தபடி டப்பாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு என்ன ஆன்ட்டி போடணும்?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். கேரட்டைத் தோலோடு சீவலாமா, ஆரஞ்சு எவ்வளவு போடலாம், அட்டையை எப்படிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.