நூறு வருஷம் தூங்கியவள்

அந்தப் படத்தை மதராஸ் பத்திரிகை அவ்வளவு தூக்கிவைத்து எழுதியது நியாயமா என்று என் வீட்டுக்காரரும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. விஞ்ஞானத்தை வைத்துக் கட்டிய கதை, அறிவுள்ளவர்கள் பார்க்கவேண்டியது, பார்த்தபின் பல நாள் யோசிக்கவைக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கதை என்னவென்று மட்டும் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

என் மகள் அப்போதுதான் டைபாய்டிலிருந்து தேறியிருந்தாள். பதிமூன்று வயது. காய்ச்சல் முற்றியிருந்தபோது, எத்தனை கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தவள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் தூக்கத்தைக் கண்டால் பயம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் திரும்பவும் அப்படியே போய்விடுவோம் என்று நினைத்தாள். பாயில் படுக்கவே மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தலை சாயும்போதெல்லாம் திடுக்கிட்டு என் கையைப் பிடிப்பாள். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். எங்கள் ஊர் இலஞ்சிக் கோயிலில் திருநீறு போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மனசு மாறட்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் வில்வண்டியில் தென்காசிக் கொட்டகைக்குப் போனோம்.

ஊமைப்படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வரும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று தமிழில் கதை சொல்லுவார். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அதற்குள் சோடாவும் முறுக்கும் வந்துவிடும். மகளும் நானும் படுதாவுக்கு இந்தப் புறம், பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம்.

முதல் சுருள் முழுக்க நாலைந்து விஞ்ஞானிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். பக்கத்தில், அச்சன்புதூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தாயீ, இவனுவ என்ன பாகப்பிரிவினையா பேசுதானுவ? ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கான்!"

என் மகள் சிரித்தாள். வந்தது வீண் போகவில்லை என்று எனக்குப் பட்டது.

அடுத்த சுருளில் கதை தெரிந்தது. அந்த விஞ்ஞானிகளில் ஒருவருக்கு ஒரே மகள், மருந்தில்லாத வியாதி. மருந்து கண்டுபிடிக்கும் காலம்வரை அவளைத் தூங்கவைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி செய்கிறார். பெண் பெட்டிக்குள் படுத்துக் கண்ணை மூடினாள். என் மகளின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"போயிருவோம்ட்டி, வா."

"வேண்டாம்மா. அவ எந்திரிக்காளான்னு பாக்கணும்."

தகப்பன் பெட்டியருகே நாற்காலி போட்டு உட்காருகிறார். தாடி வளர்கிறது, நரைக்கிறது, கை நடுங்குகிறது. கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. பிறகு நாற்காலி காலி. ஆண்கள் பக்கத்திலிருந்து "சுருள மாத்துலே, மாத்து!" என்று கத்தினார்கள். எனக்கு அந்த நாற்காலி தெரியும். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிச் சுருளில் பெண் விழிக்கிறாள். எதிரே, தகப்பனாக நடித்தவரே தாடியில்லாமல் நிற்கிறார். கதை சொல்லுபவர் பிரம்பைத் தட்டினார்.

"பாருங்கள் தாய்மார்களே! பெற்ற தகப்பன் நூறு வருஷம் காத்து நிற்கிறான்! வந்தாயா மகளே என்கிறான்!"

அச்சன்புதூர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் திரையில் எழுதியிருந்தது வேறு. நான் உன் தகப்பனார் இல்லை, அவர் இறந்து வெகுகாலமாகிறது, நீ விழிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்று சொல்லிப்போனார், அன்றுமுதல் நம் குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்திருக்கிறோம் என்று இருந்தது. அதை வாசிக்க என்னைப் போலவே என் மகளுக்கும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் போதும். அவள் கண்ணைக் கையால் மறைக்கப் பார்த்தேன், தட்டிவிட்டாள்.

வண்டியில் வீட்டுக்காரர் பத்திரிகையின் கட்சி பேசினார். "கதை சொன்ன மனுசன் படத்தையே கெடுத்துட்டான்."

"கெடுக்கல. இத்தன பேருக்குத் தாங்காதுன்னு பாத்திருப்பாரு."

"அப்ப பத்திரிகைல எழுதுனது தப்பா?"

"மேஜையச் சுத்திப் பேசுனதத்தான் பெரிசா எழுதியிருக்காங்க. அந்த நாக்காலியப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

மகள் இடையில் புகுந்தாள். "நூறு வருஷம் தூங்குனவளுக்குத் தலை கொஞ்சங்கூட கலையல, பாத்தீங்களாப்பா? எனக்கு ஒரு காய்ச்சலுக்கே பூராக் கொட்டிட்டு."

முடி முளைவிட்டிருந்த தலையைத் தடவிக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீ தூங்கிட்டா அப்பா முழிச்சிருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்பாவும் தூங்கிட்டா?"

முன்னாலிருந்து வண்டிக்காரர் சொன்னார்: "நான் இருக்கேன் பிள்ள. நான் தூங்கிட்டாலும் மாடு முழிச்சிருக்கும். கவலப்படாத."

சிரித்துக்கொண்டே என் மடியில் தலையை வைத்தாள். இலஞ்சி வருமுன் தூங்கிவிட்டாள்.

முதல் சுருளை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னால் நான் பார்க்கமாட்டேன். மற்றபடி அந்தப் படத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எழுப்பட்டுமா என்று வண்டிக்காரர் சைகையால் கேட்டார். வேண்டாம் என்று வீட்டுக்காரர் தலையசைத்தார். வண்டிக்காரர் வண்டிக்கு முட்டுக்கட்டை கொடுத்து, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். நாங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தோம்.

"நீ கொஞ்சம் சாஞ்சுக்கோ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் வீட்டுக்காரர்.

நான் சாயவில்லை. மகளின் மூக்கருகே வைத்த விரலை எடுக்காமலே இருந்தேன். சற்றுப் பொறுத்து அவர் என் விரலை மெல்ல விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தம் விரலை வைத்துக்கொண்டார்.