ஒன்றாம் எண் நாற்காலி

அந்தமானின் டாலிகஞ்சில் தச்சு வேலை செய்த மத்தியாஸ் தொழிலைத் தாமாகவே கற்றவர். செய்த ஒவ்வொரு சாமானின் அடியிலும், அந்த வகையில் எத்தனையாவது என்ற எண்ணும் தேதியும் செதுக்குவார். காகிதங்களையெல்லாம் தகரப் பெட்டியில் சேர்ப்பார். 1968இல், அலைபோல் முதுகு வளைந்த, சிவந்த படாக் மர நாற்காலி ஒன்றைச் செய்து மனைவி கிரேசிக்குக் கொடுத்தார். அதில் மயங்கிய பம்பாய் வியாபாரி ஒருவர், அதே போல் பன்னிரண்டு செய்யச் சொல்லி வாங்கிப் போனார். உலகில் அவை பன்னிரண்டே உண்டு என்பதற்காகத்தான் பணக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். வேறொன்று இருக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் மத்தியாஸ் கையெழுத்திட்டபோது, கிரேசியின் நாற்காலி அவர் நினைவுக்கே வரவில்லை. அது வீட்டுச் சாமான்.

மறு வருடம் வியாபாரியின் ஆள் கப்பலில் வந்து இறங்கினார்.

"மிஸ்திரி, எங்ககிட்ட வந்த நாற்காலிங்க அடியில ரெண்டுலேர்ந்து பதிமூணு வரைக்கும் நம்பர் இருக்கு. ஒண்ணு எங்கே? அதை அறுத்துடணும்."

கிரேசி நாற்காலியை விட்டு எழவில்லை. "என்னையும் சேர்த்து அறுங்க. பம்பாய்க்காரிக்கு மட்டும்தான் முதுகு வலிக்குமோ?"

மத்தியாஸ் பெட்டியைத் திறந்து ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தார். வீட்டுச் சாமானுக்கு விலக்கில்லை. வழக்கென்றால் பம்பாயில்தான் என்றும் இருந்தது. அதே பெட்டியில் இருந்த நாற்காலி வரைபடத்திலோ அவர் கையெழுத்திலேயே, 'எண் 1, கிரேசிக்கு.'

"எழுந்திரு, கிரேசி."

ரம்பத்தைத் தொடுமுன் ஒரு தாளில் எழுதினார்: 'எண் 1, எந்தப் பழுதும் இல்லாத நிலையில், இவர் கேட்டதன் பேரில் அறுக்கப்படுகிறது.' அந்த ஆளிடம் அதில் கையெழுத்து வாங்கி, மை உலரும் வரை காத்திருந்தார்.

அறுத்து முடித்ததும், எண் செதுக்கிய பலகையை அந்த ஆள் சாட்சிக்காக எடுத்துப் போனார். மத்தியாஸுக்கு அந்தத் தாள் மிஞ்சியது.